சரிந்துவரும் ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோரை நிமிர்த்துவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழே மளிகை, நடுவில் சோப்பு, ஷாம்பு, ஓரமாக நோட்டுப் புத்தகம், மாடியில் எவர்சில்வர் பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும் ஃபேன்சியும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பாலக்கோடு, அரூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் 'டிபார்ட்மென்ட் ஸ்டோர்' என்று போர்டு மாட்டிய இப்படி ஒரு கடை கண்ணில் படும். இருபது வருஷத்துக்கு முன் அந்த ஊரின் பெரிய கடையே அதுதான். இன்றைக்குக் கீழே ஓரளவு கூட்டம் இருக்கிறது, மாடி ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பெரிய செயின் கடைகள் எம்ஆர்பியில் குறைத்து விற்கின்றன. ஃபேன்சியும் பிளாஸ்டிக்கும் செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகின்றன.

800 முதல் 3,000 சதுர அடி வரை உள்ள, நான்கு முதல் பத்துப் பேர் வேலை செய்யும் கடைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வியாபாரம் கால் பங்கு குறைந்த கடை பிழைத்துக்கொள்ளும். குறைந்த பிறகும் பழைய அளவுக்கே சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் கடைதான் மூழ்கும். பெரிய கடைகளும் இதற்கு விலக்கில்லை. 1997ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா நாடு முழுக்க ஏறக்குறைய 1,600 கடைகள் வரை விரிந்து, 2009ல் மூடியது. சரக்கு வாங்கவும் சம்பளம் போடவும் கையில் ரொக்கம் இல்லாமல் போனதுதான் காரணம். ஆகவே விளம்பரம், ஆஃபர், புது போர்டு எல்லாவற்றுக்கும் முன்னால் கடைக்குள் முடங்கியிருக்கும் பணத்தை வெளியே எடுக்க வேண்டும்.

கடையின் நாடி பார்ப்பது

மூன்று எண்களை எழுதுங்கள்: சராசரி மாத வியாபாரம், கொள்முதல் விலையில் மொத்த இருப்பு, சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம்.

மாத வியாபாரம் 12 லட்சம். சராசரி மார்ஜின் 15 சதவீதம் என்றால் மொத்த லாபம் 1,80,000 ரூபாய். விற்ற சரக்கின் அசல் 10,20,000. கடையிலும் குடோனிலும் 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு கிடக்கிறது. 40 லட்சத்தை 10.2 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 3.9 மாத இருப்பு. செலவு: வாடகை 45,000, ஆறு பேர் சம்பளம் 72,000, கரண்ட் 15,000, இதர செலவு 15,000, ஆக 1,47,000. இதோடு நின்றால் 33,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். 40 லட்சத்துக்கு வருஷ வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் மாதம் 40,000. ஆக இந்தக் கடை மாதாமாதம் 7,000 ரூபாய் நஷ்டத்தில் ஓடுகிறது. சொந்தப் பணமாக இருந்தாலும் வட்டியைக் கணக்கில் ஏற்றுங்கள். அதே பணம் பேங்கில் கிடந்தாலும் ஏதோ ஒரு வட்டி கொடுத்திருக்கும்.

இதே கடை இருப்பை 25 லட்சத்துக்குக் கொண்டுவந்தால் வட்டி 25,000 ஆகிறது, மாதம் 8,000 கையில் நிற்கிறது. ஒரு ரூபாய்கூட வியாபாரம் கூடாமலே இந்த மாற்றம் வரும். பழைய சரக்கைத் தள்ளும்போது ஒரு தடவை நஷ்டம் வரத்தான் செய்யும். அதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல்தான் பல கடைகள் வருஷக்கணக்கில் வட்டி கட்டுகின்றன.

மளிகைக்கு 25 முதல் 30 நாள் இருப்பு போதும். சோப்பு, பேஸ்ட் வகைக்கு 30 முதல் 40 நாள். பாத்திரம், பிளாஸ்டிக், ஃபேன்சிக்கு 90 முதல் 120 நாள் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் எது இருந்தாலும் அது தேங்கிய சரக்கு.

மார்ஜின் கணக்கில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 80 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்றால் வாங்கிய விலையின் மேல் 25 சதவீதம், விற்ற விலையில் 20 சதவீதம். வாடகையும் சம்பளமும் விற்ற பணத்திலிருந்துதான் போகின்றன. அதனால் 20 என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து போட்டுப் பார்க்கிற கடைக்காரருக்குக் கணக்கில் லாபம் இருக்கும், கல்லாவில் இருக்காது.

இருப்பு எடுப்பது

மாதத்தில் 20 முதல் 25 தேதிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சம்பளக்காரர்களின் மாசச் சாமான் வியாபாரம் 1 முதல் 10 தேதிக்குள் முடிந்துவிடும், ரேக்கும் பாதி காலியாக இருக்கும். கடையை மாலை ஆறு மணிக்கு மூடிவிட்டு ஆரம்பித்தால் 1,500 சதுர அடிக் கடையை மூன்று ஜோடி ஆட்கள் ஒரே இரவில் முடிக்கலாம். ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார். ஒவ்வொரு ரேக்குக்கும் சாக்பீஸால் நம்பர் போடுங்கள். எண்ணி முடித்த ரேக்கின் ஓரத்தில் ஒரு கோடு இழுங்கள்.

கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டாக் லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்து ஆட்கள் கையில் கொடுக்காதீர்கள். 24 என்று அச்சடித்திருந்தால் கண் 24 என்றுதான் பார்க்கும். வெறும் தாளில் பெயர், எடை, எண்ணிக்கை, எக்ஸ்பைரி மாதம் எழுதட்டும். மறுநாள் கம்ப்யூட்டரோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும் ஐட்டத்தை மட்டும் வேறு ஒரு ஆள் மறுபடி எண்ணட்டும்.

கணக்கு கெடுகிற இடங்கள் சில உண்டு. எம்ஆர்பியில் கூட்டினால் இருப்பு பெரிதாகத் தெரியும், ஆகவே கொள்முதல் பில் விலையில் மட்டுமே கூட்டுங்கள். மூட்டையைக் கண்ணால் பார்த்து 'முக்கால் மூட்டை' என்று எழுதக் கூடாது, எடை போட வேண்டும். பிரித்த அட்டைப் பெட்டியை முழுப் பெட்டியாக எண்ணிவிடுவார்கள். ஸ்கீமில் வந்த ஓசி பீஸ்கள் எந்தக் கணக்கிலும் இருக்காது. மாடிப்படிக்குக் கீழே, கல்லாவுக்குப் பின்னால், முதலாளி வீட்டு முன்னறையில் கிடக்கும் சரக்கையும் மறக்காமல் எடுங்கள்.

எண்ணும்போதே நிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வந்து 30 நாளுக்குள் இருந்தால் பச்சை, 31 முதல் 90 வரை மஞ்சள், 90க்கு மேல் சிவப்பு. விடியற்காலையில் லைட்டைப் போட்டு மாடியைப் பார்த்தால் எந்த டிபார்ட்மென்ட் கடையைத் தின்கிறது என்று விளக்கம் தேவைப்படாது. பெரும்பாலும் சிவப்பு தெரிவது பாடி ஸ்ப்ரே ரேக்கிலும், கிஃப்ட் ஐட்டத்திலும், பெரிய சைஸ் பிளாஸ்டிக் டப்பிலும், பழைய மாடல் மிக்ஸி ஜாரிலும்தான்.

எதை வைப்பது, எதை விடுவது

மார்ஜினை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மார்ஜினை மாதச் சுற்றால், அதாவது அந்தச் சரக்கு மாதத்தில் எத்தனை தடவை விற்றுத் தீர்கிறதோ அந்த எண்ணால், பெருக்குங்கள். சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 3.5 சதவீதம்தான் நிற்கிறது, ஆனால் மாதத்தில் நான்கு தடவை சுற்றுகிறது என்றால் 100 ரூபாய்ச் சரக்கு மாதம் 14 ரூபாய் தருகிறது. ஃபேன்சியில் 25 சதவீதம் நிற்கிறது, நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் சுற்றுகிறது என்றால் மாதத்துக்கு 6.25தான். அத்தோடு ஃபேன்சிக்கு மாடி, மாடிக்கு ஒரு ஆள், ஒரு ஃபேன், ஆறு டியூப்லைட்.

இந்தக் கணக்குக்குப் பிடிபடாத சரக்கு ஒன்று உண்டு. அதை 'லிஸ்ட் சாமான்' என்று தனியாகப் பிரித்து வையுங்கள். மாசச் சாமான் லிஸ்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அரிசி, துவரம்பருப்பு, உளுந்து என்று தொடங்கி, கடைசியில் விளக்குத்திரி, கற்பூரம், வசம்பு, பனங்கற்கண்டு, கோலமாவு என்று முடியும். கடைசி ஐந்தும் சேர்ந்து நூறு ரூபாய்கூட வராது. அவற்றில் இரண்டு இல்லாவிட்டால் அந்த அம்மா அடுத்த கடைக்குப் போகிறார், அடுத்த மாதம் முழு லிஸ்ட்டும் அங்கேயே போகிறது. அதனால் மெதுவாக விற்கும் இந்த 40, 50 ஐட்டங்களை ஒருநாள்கூடத் தீர விடக்கூடாது. அளவு மட்டும் குறைவாக வையுங்கள். ஒவ்வொரு நாளும் 'கேட்டு இல்லை என்று சொன்ன சாமான்' என்று கல்லாவில் ஒரு நோட்டு வைத்து எழுதிவந்தால், ஒரு மாதத்தில் உங்கள் கடைக்கான லிஸ்ட் சாமான் எது என்று அதுவே சொல்லிவிடும்.

தேங்கிய சரக்கைத் தள்ளுவது

முதலில் டிஸ்ட்ரிபியூட்டரிடம் திருப்புங்கள். எக்ஸ்பைரி ஆன பிறகு கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே சேல்ஸ்மேன் வரும் நாளில் எடுத்து மேசையில் வைத்து, அடுத்த ஆர்டர் பேசுவதற்கு முன்னால் இந்தப் பேச்சை முடியுங்கள். 'பார்த்து பண்ணிக்கலாம் அண்ணே' என்ற வாய்ப்பேச்சு கணக்கில் ஏறாது, திருப்பிய சரக்குக்கு வரவு எழுதித் தரும் கிரெடிட் நோட் வேண்டும்.

திருப்ப முடியாததற்குப் படிப்படியாக விலை குறையுங்கள். முதல் 15 நாள் 15 சதவீதம், அடுத்த 15 நாள் 30, அதற்குப் பிறகு அசல் விலை, கடைசியில் மீதி அத்தனையையும் ஒரே விலை பேசித் தள்ளும் லாட். கடைசிப் படிக்கான தேதியை முதல் நாளே காலண்டரில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் 30 சதவீதத்திலேயே ஒரு வருஷம் நிற்கும். புதுச் சரக்கோடு கலந்து வைக்காமல் கடை வாசலுக்கு அருகில் தனி மேசை போட்டு, பழைய விலையை அடித்துப் புது விலையைக் கையால் பெரிதாக எழுதுங்கள்.

பிளாஸ்டிக் குடம், டப், கூடை, பழைய டிசைன் டப்பா போன்றவை டவுனில் போகாது, சந்தையில் போகும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, காரிமங்கலம் செவ்வாய்க்கிழமைச் சந்தை இரண்டுக்கும் சுற்று கிராமங்களிலிருந்து வீட்டுச் சாமான் வாங்கவும் ஆட்கள் வருகிறார்கள். சந்தை வியாபாரி ஒருவரிடம் மொத்தமாக லாட் பேசிவிட்டால் ஒரே நாளில் மாடி காலியாகும். விலை அடிமாட்டு விலைதான், ஆனால் ரொக்கம். எவர்சில்வர் கெடாது. விற்காத மாடலை வைத்துக்கொண்டு வருத்தப்படாமல், எடைக்குப் போட்டு அதே மதிப்புக்கு நடமாட்டமுள்ள மாடலாகப் பாத்திர மொத்தக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். பித்தளைக்கும் இதே வழிதான்.

ஜிஎஸ்டியில் (காம்போசிஷன் இல்லாமல்) வழக்கமான திட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரக்கை அசலுக்குக் கீழே விற்றாலும் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரிக்கான கழிவு, அப்படியே நிற்கும். தூக்கி எறிந்தாலோ, அழித்தாலோ, ஓசியாகக் கொடுத்தாலோ அந்தச் சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். 18 சதவீத வரி உள்ள பொருள் என்றால் அது சின்னத் தொகை இல்லை. ஆகவே கெடாத பொருளைப் பத்து ரூபாய்க்காவது பில் போட்டு விற்பது எறிவதைவிட மேல். எக்ஸ்பைரி ஆன உணவுப் பொருள் மட்டும் எந்த விலைக்கும் கடையை விட்டு விற்பனையாகப் போகக் கூடாது. கவரைக் கிழித்து அழித்து, தேதி போட்டு ஒரு பதிவும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி தேங்காமல் வாங்குவது

ஆர்டர் அளவைச் சேல்ஸ்மேன் சொல்லக் கூடாது, கணக்கு சொல்ல வேண்டும். ஒரு சோப்பு நாளைக்கு 6 விற்கிறது. சேல்ஸ்மேன் வாரம் ஒருமுறை வருகிறார், ஆர்டர் போட்டு 2 நாளில் சரக்கு வருகிறது. 7 + 2 = 9 நாளுக்கு 54, பத்திரத்துக்கு 3 நாள் 18, மொத்தம் 72 இருக்க வேண்டும். ரேக்கில் 30 இருந்தால் 42 மட்டும் ஆர்டர் போடுங்கள். நன்றாக ஓடும் 200 ஐட்டங்களுக்கு இந்த எண்ணை ஒருமுறை போட்டு ரேக் ஓரத்தில் சின்னதாக எழுதிவிட்டால், கடைப் பையனே ஆர்டர் எடுப்பான். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் நாள் விற்பனையை மாற்றிக்கொள்ளுங்கள்.

'10 எடுத்தா 1 ஃப்ரீ' ஸ்கீம் 9 சதவீதத் தள்ளுபடி. 45 நாளுக்குள் மொத்தமும் விற்றுவிடும் என்றால் தாராளமாக எடுங்கள். நாலு மாதம் இழுக்கும் என்றால் விட்டுவிடுங்கள். வட்டி மட்டும் பார்த்தால் அப்போதும் லாபம் போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் பணம் இல்லாததால் அரிசி மண்டிக்குக் கொடுக்க வேண்டிய தேதி தவறும், அடுத்த லோடு ஒரு வாரம் தள்ளி வரும், அந்த வாரம் அரிசி இல்லாத கடையாகிவிடுவீர்கள்.

இந்த மண்ணின் சரக்கில் ஒரு டிபார்ட்மென்ட்

காலியான ரேக்கில் செயின் கடையிலேயே கிடைக்கும் சரக்கை மறுபடி அடுக்கினால் பலன் இல்லை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் புளியும் மாம்பழமும் விளைகிற மாவட்டங்கள். இங்கே வீட்டில் களி கிண்டுகிறவர்களுக்கு மாவின் வாசனை தெரியும். பாக்கெட்டில் ஆறு மாதம் கிடந்த மாவை மூக்கில் வைத்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். புதிதாக அரைத்த மாவும் நல்ல புளியும் கொடுக்கிற கடை இந்த ஊரில் எளிதில் சாகாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கேழ்வரகு மாவை ஒரு தடவைக்கு 100 கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள். தானியத்தைப் பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. ஈரமான தானியத்தை அரைத்தால் மாவு கட்டி பிடிக்கும், இரண்டே வாரத்தில் பூஞ்சை வாடை வரும். கல்லும் மண்ணும் நீக்கி, ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து அரையுங்கள். மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். உடனே கவரில் அடைத்தால் உள்ளே வேர்த்து, அந்த ஈரத்தில் கெட்டுப்போகும். சுத்தமான துணியில் பரப்பி, மூன்று நான்கு மணி நேரம் ஆறவிட்ட பிறகு பேக் செய்யுங்கள். மில்லில் நமக்கு முன்னால் மிளகாய்த் தூள் அரைத்திருந்தால் முதலில் வரும் ஒன்றிரண்டு கிலோவைத் தனியே எடுத்துவிட வேண்டும்.

கணக்கு இப்படி வரும். கேழ்வரகு கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவுக்கு 4,000. சுத்தம் செய்யக் கூலி 200. சுத்தம் செய்ததில் 4 கிலோ கழியும், மீதி 96 கிலோவுக்கு அரவை கிலோ 5 ரூபாய் வீதம் 480. மில்லில் இன்னொரு கிலோ போகும், கையில் 95 கிலோ. கவரும் லேபிளும் 3 ரூபாய் வீதம் 285. வண்டி 100. மொத்தம் 5,065. கிலோவுக்கு அடக்கம் 53 ரூபாய் 32 காசு. 65க்கு விற்றால் 18 சதவீதம் நிற்கும். கழிவை மறந்து 40 + 5 + 3 = 48 என்று மனக்கணக்கு போட்டு 55க்கு விற்கிற கடைக்கு ஒன்றும் தேறாது.

லேபிள் ஒட்டி முன்கூட்டியே பேக் செய்த தானியம், மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2022 ஜூலை 18 முதல் இருக்கும் விதி இது. வாடிக்கையாளர் முன்னால் சில்லறையாக எடை போட்டுக் கொடுத்தால் வரி இல்லை. 65 ரூபாயில் வரி அடங்கியிருந்தால் உங்களுக்கு 61.90தான் வரும், மார்ஜின் 14 சதவீதத்துக்கு இறங்கும். கடைக்குள்ளேயே மூடி போட்ட டிரம்மில் வைத்து எடை போட்டுக் கொடுப்பது ஓடுகிற அளவுக்கு அதையே செய்யலாம். உலர்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் வரி இல்லை.

பாக்கெட் போடுவதென்றால் பேக் செய்தவர் பெயர், விலாசம், பொருளின் பெயர், நிகர எடை, பேக் செய்த நாள், மாதம், வருஷம், எல்லா வரியும் உட்பட்ட எம்ஆர்பி, அலகு விலை, புகார் சொல்ல வேண்டிய போன் நம்பர் இத்தனையும் லேபிளில் வேண்டும். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதியும் வேண்டும். பேக் செய்பவராகத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு மாவுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் தேதி போடாதீர்கள். கம்பு மாவு எண்ணெய்ச் சத்தால் பத்துப் பதினைந்து நாளிலேயே கசக்கும், கேட்கிறவர்களுக்கு மட்டும் அரைத்துக் கொடுங்கள். உமி நீக்கிய சாமையும் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், இரண்டு மாத இருப்புக்கு மேல் வேண்டாம்.

புளி வாங்க நல்ல காலம் மாசி, பங்குனி. கொட்டை நீக்கிய புளியை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தி விடுங்கள். விரலில் பிசுக்கு மட்டும் ஒட்டினால் சரி, ஈரம் தட்டினால் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியிருக்கிறார்கள். ஒரு கிலோவைப் பிரித்துப் பார்த்து ஓடு, நார், கொட்டை எவ்வளவு என்று எடை போடுங்கள். 50 கிராமுக்கு மேல் இருந்தால் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெயிலில் ஒருநாள் உலர்த்தி, கல் உப்பு தூவி, காற்றுப் புகாத டிரம்மில் தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். ஐப்பசி மழைக் காற்று பட்டால் நிறம் கறுத்து, கசிந்து ஒழுகும். ருசி போகாவிட்டாலும் கறுத்த புளியை அரைக் கிலோ பாக்கெட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். வருஷம் முழுக்க விற்க வேண்டுமென்றால் பாதியைக் குளிர்பதனக் கிடங்கில் போட்டு, மாதாமாதம் எடுத்து வாருங்கள்.

மாடியை முழுக்கக் காலி செய்ய வேண்டியதில்லை, பாத்திரத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கல்யாணச் சீர் சாமான் வாங்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து, தட்டிப் பார்த்து, எடை பார்த்துத்தான் வாங்குவார்கள். செல்போனில் அது நடக்காது. வைகாசி, ஆவணி, தை, மாசி முகூர்த்தங்களுக்கு ஒரு மாதம் முன்னால் சரக்கை ஏற்றி, ஆடியிலும் மார்கழியிலும் குறைத்துவிடுங்கள். 15,000, 25,000, 40,000 என்று மூன்று செட்டாக அடுக்கிக் காட்டினால் முடிவெடுக்கச் சுலபம். பெயர் வெட்டும் மிஷின் ஒன்று வைத்து, வாங்கும்போதே பெயர் வெட்டிக் கொடுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய. யுகாதிக்குப் பத்து நாள் முன் வெல்லம், கடலைப்பருப்பு, ஏலக்காய், புதுப்பாத்திரம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பொங்கலை மட்டும் நம்பியிருக்கும் கடைகள் இந்த வியாபாரத்தைத் தவறவிடுகின்றன.

கடன் நோட்டு

செயின் கடை கடன் தராது என்பதால் ஊர்க்கடையின் பலம் அதுதான். ஊர்க்கடையைச் சாய்ப்பதும் அதுதான். சம்பளக்காரர் வேறு, விவசாயி வேறு என்று இரண்டு நோட்டு போடுங்கள். சம்பளக்காரருக்கு ஒரு மாத லிஸ்ட் வரை கடன், 10 தேதிக்குள் முடிக்க வேண்டும். விவசாயிக்குப் பணம் வரும் நாளைப் பார்த்து வையுங்கள். பால் சொசைட்டிப் பணமா, பட்டுக்கூடு விற்ற பணமா, தக்காளியா, ஆனி மாத மாம்பழமா என்று பெயருக்கு எதிரே எழுதிவிட்டால் எப்போது கேட்பது என்று தெரியும். மாங்காய்ப் பணம் வருகிறவரிடம் தை மாதத்தில் கறாராகக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, உறவுதான் கெடும்.

பாக்கி இருக்கும்போது புது லிஸ்ட் வந்தால் கூட்டத்துக்கு நடுவே சொல்லாதீர்கள். சாமான் கட்டுவதற்கு முன், பக்கத்தில் வந்து, 'அக்கா, போன மாசத்துது 2,350 நிக்குது. பாதியாவது குடுத்துட்டீங்கன்னா இதையும் எழுதிக்கிறேன்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஆயிரமாவது எடுத்துக் கொடுப்பார்கள். கொடுத்த தொகைக்கு நோட்டில் அவர்கள் கையெழுத்தையும் தேதியையும் வாங்குங்கள். விற்ற சரக்கின் பாக்கிக்குச் சட்டப்படி மூன்று வருஷம்தான் காலவரம்பு. கையெழுத்தோடு ஒரு பகுதி கட்டியிருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணப்படும். 90 நாள் தாண்டிய பாக்கி மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் புதுக் கடனை ஒரு மாதம் நிறுத்திவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்குவது நல்லது. காலை 11 மணிக்குள் வந்தால் அன்று மாலை டெலிவரி, 3 கிலோமீட்டருக்குள், 1,000 ரூபாய்க்கு மேல் என்று எழுதிப்போட்டு, அதில் உறுதியாக இருங்கள். இல்லாத சாமானுக்குப் பதில் வேறு பிராண்டைக் கேட்காமல் வைத்து அனுப்பாதீர்கள். திரும்பி வரும் ஒரு பாக்கெட்டுக்காகப் பையன் இரண்டு தடவை ஓட வேண்டியிருக்கும்.

இடத்தையும் ஆளையும் பற்றி

மாடி மாதம் எவ்வளவு லாபம் தருகிறது, எவ்வளவு வாடகை தின்கிறது என்று தனியாகப் போடுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து போதாமல் இருந்தால் கட்டட உரிமையாளரிடம் மாடியை ஒப்படைத்துவிட்டு, பாத்திரத்தைக் கீழே பின்பக்கம் கொண்டுவாருங்கள். பாதி இடத்தில் நிறைந்து நிற்கும் ரேக், முழு இடத்தில் பல்லிளிக்கும் ரேக்கைவிட நன்றாக விற்கும். ஆளைக் குறைக்கும் முன், யார் எந்த வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். 20 வருஷமாகப் பாத்திரக் கவுண்டரில் நிற்கும் அக்காவை நிறுத்திவிட்டு, அவரை நம்பி வந்த சீர் வியாபாரத்தையும் இழந்த கடைகள் உண்டு. நாள் முழுக்க நிற்கவைக்காதீர்கள். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021ல் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது.

மூடுவதுதான் வழி என்றால்

இருப்பைக் குறைத்து, மாடியை விட்டு, ஓராண்டு பார்த்த பிறகும் சப்ளையர் பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், வீட்டு நகையை வைத்து இழுக்காமல் சரக்கு மதிப்போடு இருக்கும்போதே மூடுங்கள். தீபாவளி முடிந்தவுடன் கொள்முதலை நிறுத்தினால் பொங்கலுக்குள் பாதிக்கு மேல் நல்ல விலைக்கே விற்றுவிடும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த கடையில் ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷத்தால் பெருக்க வேண்டும். 12,000 சம்பளத்தில் 10 வருஷம் என்றால் 69,231 ரூபாய். இதை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்கும்போது மீதியிருக்கும் சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் சரக்கைத் தீர்த்த பிறகு விண்ணப்பியுங்கள். வழக்கமான திட்டத்தில் இருப்பவர்கள் ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும்.

பாத்திரச் சீட்டோ தீபாவளிச் சீட்டோ நடத்தியிருந்தால் அந்தப் பணத்தைச் சப்ளையர் பாக்கிக்கும் முன்னால் வரிசையில் வையுங்கள். அட்டைகளை வைத்து ஒவ்வொருவர் கட்டிய தவணையையும் கூட்டி, மூடுவதற்கு இரண்டு மாதம் முன்பே போன் செய்து, சாமானாக வேண்டுமா பணமாக வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்து முடியுங்கள். வராதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் பெயர்ப் பட்டியலையும் தொகையையும் தனி உறையில் வைத்து, கடையை இறக்கிய பிறகு ஆறு மாதம் வரையாவது உங்கள் போன் நம்பரைப் பூட்டிய ஷட்டரில் ஒட்டி வையுங்கள்.